எண்ணூறு டிகிரிக்கு மேல் ஒரு முகடு

திங்கள்
பனிமூட்டம். எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியவில்லை. குடை மறந்தேன்.
வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுக் கூரை. மகள் கவியை அங்கே விடப் போனால், என் வீட்டுக்காரர் வாசலிலேயே கூரைச் சீட்டை மெஷின் வாளால் அறுத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைத் தூசி. கவியின் தலைமுடியிலும். இரண்டு வயது.
"ஏங்க, இது என்ன சீட்டு?"
"அஸ்பெஸ்டாஸ் இல்லாத சீட்டுனு கடையில சொன்னாங்க. ஒன் லேப் பயத்தயெல்லாம் இங்க கொண்டாராத."
ஒரு துண்டை ஈரத்துணியில் சுற்றி, இரட்டைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்
லேப். எங்கள் பொறுப்பாளர் மேடத்திடம் துண்டைக் காட்டிக் கேட்டேன். "உலையில ஓட்டிப் பாருங்க" என்றார்.
சில மில்லிகிராம் பொடி. உலை நிமிடத்துக்குப் பத்து டிகிரி ஏறும், ஆயிரம் வரை. எடை குறைவதை ஒரு கோடு காட்டும், வெப்பத்தை இன்னொரு கோடு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். தேத்தண்ணி ஆறிப்போனது.
அறுநூறைத் தாண்டியதும் எடை இறங்கியது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பும் ஏறக்குறைய அங்கேதான் எடை இழக்கும் என்று மனதைத் தேற்றினேன். எண்ணூறுக்குச் சற்று மேலே, வெப்பக் கோட்டில் கூர்மையாய் ஒரு முகடு. சுண்ணாம்பு அப்படி எழும்பாது. வெள்ளை அஸ்பெஸ்டாஸ் எழும்பும்.
மேடம்: "துண்டுக்கு எக்ஸ்ரே சோதனையும் பார்த்தாத்தான் உறுதி. ஆனா வேலைய நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே."
அவர் போன் கிடைக்கவில்லை. பஸ் ஊர்ந்தது. போய்ச் சேர்ந்தால், அவர் காம்பராவுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறார்.
"வெளக்கமாத்தக் கீழ போடுங்க!"
கத்திவிட்டேன். பிள்ளைகள் அழுதார்கள்.
"ரெண்டு நாள் தூசிக்கு இப்பிடிப் பயப்படுறியே. நா பதினோரு வருசமா அறுக்கிறேன்."
இதுவரை கவியை மட்டுமே நினைத்திருந்தேன்.

புதன்
துண்டின் எக்ஸ்ரே சோதனையிலும் அஸ்பெஸ்டாஸ்தான்.
தோட்ட நிர்வாகியான துரையிடம் சோதனைக் காகிதத்தைக் காட்டினேன். "கடைக்காரன் எழுதித் தந்திருக்கானே" என்றார். மேடம் அவரிடம் போனில் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். பிறகு: பிள்ளைகள் கோயில் மண்டபத்துக்கு. சீட்டுகளை நனைத்து மூட உத்தரவு.
வென்றுவிட்டேனாம், மேடம் சொல்கிறார். அந்தத் தூசி நெஞ்சில் தங்கி வரும் நோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருடம் ஆகும். பதினொன்றைக் கழித்துக் கழித்துப் பார்க்கிறேன்.

வியாழன்
வெயில். அவர் உடுப்பைத் தனியாக நனைத்துத் துவைத்தேன்.
வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "ஒங்க மெஷின்ல என் நெஞ்சயும் வச்சுப் பாக்க முடியுமா?"
"அது எரிச்சுத்தாங்க சொல்லும்" என்றேன்.
இருவரும் சிரிக்கவில்லை. நாளை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி.