முழு சார்ஜில் இறங்கிய மலை

அன்புள்ள மாமா,

இன்று மாலை பள்ளிப் பேருந்து பிளாமூடு இறக்கத்தில் வரும்போது அந்த வாசனை வந்தது. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுவது போல, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை. முன்னால் போன லாரியின் பிரேக் சூடாகியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அய்யே, எந்தொரு நாற்றம்" என்றாள். நான் பொத்தவில்லை. அந்த வாசனையை நான் முதலில் முகர்ந்தது உங்கள் வண்டியில், போனக்காட்டு மலையிலிருந்து நாம் இருவரும் இறங்கி வந்த மத்தியானத்தில். அடுத்த முறை அதை நீங்கள் மட்டும் முகர்ந்திருப்பீர்கள்.

இன்று வியாழக்கிழமை, மலைக்குச் சரக்கு போகும் நாள். வெளியே இருட்டிக்கொண்டு மழை பெய்கிறது. சுகு சேட்டன் மேலே போயிருக்கிறார். அவர் அடிவாரத்து விதுராவுக்கு இறங்கி வந்து போன் செய்கிறவரை எனக்குப் பாடம் ஏறாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மின்சார ஆட்டோவை நீங்கள் சாலைக் கடைவீதிக்குக் கொண்டுவந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? சாமான் ஏற்றும் பெட்டியும் மஞ்சள் நிறமும் எல்லா ஆட்டோவையும் போலத்தான் இருந்தன. சத்தம்தான் இல்லை. அரிசிக் கடை வாசலில் தன் பெட்ரோல் ஆட்டோவில் சாய்ந்து நின்ற சுகு சேட்டன், அது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றபோது துள்ளிக் குதித்தார்.

"எடா பாவி! இது வண்டியா, மிக்ஸியா?"

"மிக்ஸிதான் சேட்டா. தேங்காய் இருந்தா கொண்டு வாங்க, அரைச்சுத் தாறேன்."

"சிரிச்சோ, சிரிச்சோ. பேட்டரி மாற்றுந்ந அன்னு நீ கரயும்."

"அன்னைக்கு அழறதை அன்னைக்குப் பார்ப்போம். இன்னைக்கு நீங்க பங்குல அழுதுட்டு வாறீங்கல்லா?"

பெட்ரோல் பங்கைச் சொன்னதும் சேட்டனும் சிரித்துவிட்டார். உங்களுக்குள் பந்தயம் பிறந்தது அப்போதுதான். எனக்குப் பள்ளியில் இயற்பியல் செயல்திட்டம் ஒன்று எழுத வேண்டியிருந்தது. இரண்டு வண்டிகளையும் ஒரே சுமையோடு, ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்து எழுதுகிறேன் என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். "ஏட்டி, ஒன் மார்க்குக்கு நாங்க ரெண்டு பேரும் டிரைவரா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறே வெங்காய மூட்டைகளைச் சரிபாதியாக ஏற்றி வைத்தீர்கள்.

விழிஞ்ஞம் போய் வந்தோம். போகும்போது உங்களோடும் வரும்போது சேட்டனோடும் உட்கார்ந்து, எனக்குத் தோன்றியதையெல்லாம் கேட்டேன். கிழக்கேகோட்டையில் பேருந்துகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோது சேட்டனின் வண்டி நின்ற இடத்திலேயே படபடவென்று பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது. உங்கள் வண்டி நின்றபோது அதற்குள் எதுவுமே ஓடவில்லை. திரும்பி வந்ததும் இரண்டின் அடியிலும் கையைக் கொண்டுபோனேன். சேட்டனின் எஞ்சினிடம் கிட்டவே நெருங்க முடியவில்லை. உங்கள் மோட்டார் காய்ச்சல் விட்ட நெற்றி போல இளஞ்சூடாக இருந்தது. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகாமல் இப்படிச் சூடாகவே போய்விடுகிறது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததைத் தொட்டுப் பார்த்த நாள் அது.

செலவைப் பார்த்தபோது நீங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். "எனக்கு ஆனது ஒரு சாயாக் காசு. சேட்டனுக்கு ஆனது ஒரு ஊண் காசு, மீன் பொரிச்சதோட." கடைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக் கடனையும், என்றாவது மாற்ற வேண்டிய பேட்டரியையும் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். "இவ வக்கீலுக்குத்தான் லாயக்கு" என்று என் தலையில் தட்டினீர்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று அம்மா இப்போதும் சொல்கிறாள். நகரத்துக்குள் ஓட்டியிருந்தாலே அந்த வண்டி நம்மைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கடைக்கு வாரம் ஒருமுறை மளிகை ஏற்றிப் போகும் வேலை உங்களிடம்தான் இருந்தது. பெட்ரோல் வண்டியில் போனபோது அந்த மலை உங்கள் லாபத்தைத் தின்றது. ஏற்றம் முழுக்க முதல் கியரில் குடிக்கும், இறக்கத்தில் ஒரு சொட்டும் திருப்பித் தராது. புது வண்டி தரும் என்று கேள்விப்பட்டதும் நீங்கள் குழந்தை போல ஆகிவிட்டீர்கள்.

அது உண்மைதான். கைப்பிடியைத் தளர்த்தினால் சக்கரம் மோட்டாரைச் சுற்றும். மோட்டார் பேட்டரியை நிரப்பும். அப்போது மீட்டருக்குக் கீழே ஒரு சின்னப் பச்சை அம்பு எரியும். வண்டியை யாரோ பின்னாலிருந்து மெல்லப் பிடித்து இழுப்பது போல இருக்கும். "பாத்தியா, மலை நமக்குப் பைசா தருது" என்று நீங்கள் ஒவ்வொரு வளைவிலும் சொன்னீர்கள். பிரேக்கைத் தொடாமலே இறங்குவது உங்கள் பெருமையாக ஆயிற்று.

மேலே அந்த வண்டிக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். மூடுபனிக்குள் சத்தமில்லாமல் வந்து நிற்பதால், தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அதைப் 'பேய் வண்டி' என்றார்கள். சாலையில் படுத்திருந்த நாய் நீங்கள் பக்கத்தில் வரும்வரை எழுந்திருக்கவில்லை. கடை வைத்திருந்த செல்லம் அக்கா கையில் இருந்த முறத்தோடு ஓடிவந்து, "ஏம்ப்பா, ஒரு ஹாரனாவது அடிச்சுத் தொலையக்கூடாதா? எமன்கூட எருமைமேல மணி கட்டிக்கிட்டுத்தான் வாரான்" என்று திட்டினார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அக்காவின் கடையில்தான் நீங்கள் சார்ஜ் போடுவீர்கள். ஏறி முடிக்கும்போது கால்வாசிதான் மிஞ்சியிருக்கும். கரண்டுக்குக் காசு நீட்டினால் அக்கா வாங்கமாட்டார். "எனக்கு உப்புலேருந்து ஊறுகாய்வரைக்கும் சுமந்துட்டு வர்றே, ஒன்கிட்ட கரண்டுக்குக் காசா? போப்பா." சும்மா கிடைக்கிற கரண்டு ஆயிற்றே, நிறைய நிறைய ஏற்றிக்கொள்ளத்தான் உங்களுக்கு ஆசை. ஆனால் மேலே கரண்ட் நிற்காது. காற்று அடித்தால் போகும், மழை தூறினால் போகும். ஒவ்வொரு வாரமும் முக்காலுக்கு முன்பே போய்விடும். நீங்கள் கம்பத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே கிளம்புவீர்கள். அந்தக் கரண்ட் வெட்டுக்கு நாம் எவ்வளவு நன்றி சொல்லியிருக்க வேண்டும், மாமா.

ஓண விடுமுறையில் நான் மறுபடியும் உங்களோடு வந்த அன்று கரண்ட் போகவில்லை. சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்தும் சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்:

"மாமா, முக்கால் ஆயிட்டு. போதும், போலாம்."

"நெறையட்டும் பிள்ளே. டேங்க் நெறையாம மலை எறங்கப்படாது."

அது உங்கள் பெட்ரோல் காலத்துப் பழக்கம். முன்னொரு மழைக்காலத்தில் அதே மலையில் பெட்ரோல் தீர்ந்துபோய், அட்டைக்கடியோடு அரை நாள் நின்றவர் நீங்கள். அதன் பிறகு நிறைந்த டேங்க் இல்லாமல் எங்கேயும் கிளம்பியதில்லை.

"நெறைஞ்சா வேஸ்ட் மாமா. எறங்கும்போது கிடைக்கறத எங்க ஊத்துவீங்க? பாத்திரம்தான் நெறைஞ்சிருக்கே."

நான் செலவுக் கணக்கைத்தான் நினைத்துக் கேட்டேன். மலை தருவதை வாங்கிக்கொள்ள இடம் இல்லையென்றால் அந்த லாபம் போகுமே என்று. நீங்கள் கடைவாசலில் நின்று சிரித்தீர்கள். "அக்கா, கேட்டீங்களா? எங்க வீட்டு விஞ்ஞானி கேக்கா, எங்க ஊத்துவீங்கன்னு! ஒரு சொம்பு கொடுங்க, பிடிச்சு வச்சிக்கிடலாம்."

முழுதாக நிறைந்த பிறகே புறப்பட்டோம். முதல் வளைவில் நீங்கள் கைப்பிடியைத் தளர்த்தினீர்கள். பச்சை அம்பு எரியவில்லை. பின்னாலிருந்து பிடிக்கும் அந்தக் கையும் இல்லை. வண்டி சத்தமே இல்லாமல் வேகம் எடுத்தது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் கியரைக் குறைத்ததும் எஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்திருக்கும். இதில் குறைக்கக் கியரும் இல்லை. நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள், மறுபடியும் மிதித்தீர்கள். வண்டி காலியாக இருந்ததால் நின்றது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

"பச்சை வரலியே மாமா."

"வரும், வரும். புது பிரேக் லைனிங், அப்படித்தான் மணக்கும்."

ஓர் ஓடைப் பக்கம் கொஞ்ச நேரம் நிறுத்தினீர்கள். அதற்குப் பிறகு சின்ன ஏற்றம் ஒன்று வந்தது. அது தாண்டியதும் அம்பு எரிந்தது. "சொன்னேன்லா" என்றீர்கள். நானும் நம்பினேன். ஏற்றத்தில் கொஞ்சம் சார்ஜ் குறைந்ததையும் அம்பு எரிந்ததையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் கேள்விக்கான பதில் நம் சக்கரத்தில் கருகிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலே இல்லாத அந்த வண்டியில் காற்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

மழை தொடங்கியிருந்த அந்த வியாழக்கிழமை நான் பள்ளியில் இருந்தேன். நடந்ததைப் பிறகு செல்லம் அக்கா சொன்னார். அவருடைய மகள் குடும்பம் நகரத்துக்குக் குடிவருவதாக இருந்தது. அவர்கள் பேருந்தில் போய்விட, இரும்பு பீரோ, கட்டில், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் நீங்கள் ஏற்றிக்கொண்டீர்கள். எப்போதும் காலியாக இறங்கும் வண்டி அன்று நிறை சுமையோடு இறங்கியது. அன்று பார்த்துக் கரண்ட் போகவே இல்லை. "ஃபுல்லு அக்கா, ஃபுல்லு! இன்னைக்கு ராஜா மாதிரி போறேன்னு சிரிச்சுக்கிட்டே போச்சு தம்பி" என்று சொல்லி அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது வண்டி வளைவைத் தாண்டி மலைச்சுவரில் சாய்ந்திருந்தது. பள்ளத்தின் பக்கம் விடாமல் சுவரின் பக்கம் நீங்கள்தான் திருப்பியிருக்கிறீர்கள் என்றார்கள். பீரோ உங்கள் மேல் வந்துவிட்டது.

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் எங்கள் வீட்டு வாசலில் நின்று, அம்மாவிடம் மெதுவாக விளக்கினார். "சேச்சி, பேட்டரி நெறஞ்சிருந்தா அது திரும்ப எடுக்காது. அந்தப் பிடுத்தம் கிட்டாது. பின்ன கால் பிரேக் மாத்திரம்தான். இத்ர லோடும் இறக்கமும் வந்தா, அது சூடாயி விட்டுப்போகும்." அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவர் முதல் வாக்கியத்தை முடிக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. எங்க ஊத்துவீங்க என்று நான் கேட்டேனே. ஊற்ற இடம் இல்லாதது அத்தனையும் பிரேக்கில் போய் எரிந்திருக்கிறது.

செயல்திட்டத்தை ஒப்படைத்தேன், மாமா. மின்சார வண்டியே சிக்கனம் என்றுதான் முடித்தேன், அது பொய்யில்லை. சுகு சேட்டனும் கடைசியில் அதையே வாங்கிவிட்டார். மலைச் சரக்கு இப்போது அவர் கையில். வாங்கிய அன்று வீட்டுக்கு வந்தவர் வெளியிலேயே நின்றார். "மோளே, மேலே சார்ஜ் எவ்விடம்வரை கேற்றணும்?" என்று கேட்டார். அவரை அன்று முதல் தடவையாகச் சிரிப்பில்லாமல் பார்த்தேன். முக்காலுக்குக் கீழே என்றேன். இப்போது செல்லம் அக்காவே பிளக்கின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, நேரம் வந்ததும் பிடுங்கிவிடுகிறாராம்.

இதோ, போன் வந்துவிட்டது. "விதுரா எத்தி மோளே. பச்சை நன்னாயிட்டு கத்தி." பச்சை அம்பு நன்றாக எரிந்ததாம். அவர் குரலுக்குப் பின்னால் பேருந்து ஹாரன்கள் கேட்டன. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் மழை நிற்கவில்லை. சாலைக் கடைவீதியில் இப்போது சத்தமில்லாத வண்டிகள் நிறைய வந்துவிட்டன. பழைய பெட்ரோல் டிரைவர்கள்தான் எல்லாரும். நிறைந்த டேங்கோடு கிளம்பிப் பழகியவர்கள். அவர்களில் யார் மலைக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்று பள்ளி விட்டு வரும்போது, பூமாலை இன்னும் வாடாத புது வண்டி ஒன்று அரிசிக் கடை வாசலில் நின்றது. தேங்காய் மூட்டைகளும் மண்ணெண்ணெய் அடுப்புகளும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். பொன்முடி மலைப் பக்கம் என்றார் டிரைவர். உங்கள் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், மேலே முழுசா சார்ஜ் போட்டுட்டு எறங்கினா, எறங்கும்போது கிடைக்கறத எங்க ஊத்துவீங்க?"

நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டே கயிற்றை இறுக்கினார். பிறகு கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சிரித்தார். நீங்கள் சிரித்த அதே சிரிப்பு, மாமா.