சாம்பிராணி வைக்காதே

அன்பின் தனுஷியா,

நான் சுகம். குருக்கள்மடத்தில் மழை விட்டதா? அம்மாவின் இருமல் எப்படி?

இங்கே கிரிப்டோ நாணயம் எடுக்கும் கணினி ஒன்று அடிக்கடி நின்றுபோனது. கிராபிக்ஸ் கார்டை மாற்றியும் சரிவரவில்லை. பிறகுதான் பார்த்தேன், கார்டுக்கு மின்சாரம் வரும் வயர் உருகியிருந்தது. வெள்ளிக்கிழமை என்று நான் காட்டிய சாம்பிராணிப் புகையில் அது கருகிய மணம் தெரியவில்லை.

கூட வேலை செய்யும் பிரதீஸ், "மற்ற வயரெல்லாம் இதே சாமான்தான் மச்சான். ஓடட்டும் எண்டு முதலாளி சொல்றார்" என்றான்.

நாங்கள் படுப்பது இந்தக் கணினிகள் ஓடும் கொட்டகையின் மேல்தட்டில். இரவில் கதவை வெளியே பூட்டுவார்கள். களவுக்குப் பயந்துதான், நீ யோசிக்காதே.

கூப்பிடுகிறார்கள், போகிறேன். அடுத்த பார்சலில் மிளகாய்த்தூள் அனுப்பு. சாம்பிராணி மட்டும் வைக்காதே. நித்திரையிலும் எனக்குக் கருகல் மணம் தெரியவேண்டும்.

உன்
சுபாகரன்