மூன்றாவது ‘யாரு?’

அன்பு மகளுக்கு, என் வாண்டுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நன்றாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய், அதனால் வேறு மாதிரி கேட்கிறேன், நேற்று மதியம் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், ஆய்வுக்கூடத்தில் குளிர்க்காற்று நேராகத் தலையில் இறங்குகிறது என்றாயே, இடம் மாற்றிக் கொடுத்தார்களா இல்லையா. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்த சந்தோஷத்தில் மூக்குக்கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு திரிகிறான், பவரே இல்லாத கண்ணாடி, ஆபீசில் மரியாதை கூடுமாம், கேட்டால் ஸ்டைலுப்பா என்கிறான். நாங்கள் உன்னிடம் வந்து இறங்க இன்னும் முப்பத்தொரு நாள் இருக்கிறது, அம்மா அதற்குள் பெட்டியை மூன்று தடவை அடுக்கிக் கலைத்துவிட்டாள். நாலு நாளாக விடாத தூறல். மதியத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தண்ணீருக்குள் கிடப்பது போல இருக்கிறது, குடை பிடித்துக்கொண்டு போகிறவர்கள் மிதந்து போகிறார்கள், நான் விழித்திருக்கிறேனா கண்ணசந்துவிட்டேனா என்று எனக்கே தெரிவதில்லை. அப்படி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பக்கத்து வீட்டு அம்மாளின் கதவை உடைத்து உள்ளே போன ஒருவன் அவள் கையை முறுக்கி எலும்பை உடைத்துவிட்டான் என்று படித்ததும் எழுந்து போய் நம் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன். நீ தனியாக இருக்கிறவள், பயப்படாமல் என்ன செய்வாய். துப்பாக்கி வாங்கிக் கட்டில் பக்கத்து இழுப்பறையில் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய், அதற்கும் நான் உன்னைத் திட்டப் போவதில்லை. உன் உயிரைவிட எந்தத் திருடனும் எனக்குப் பெரிசில்லை, ஒருவன் உன் மேல் கை வைக்க வந்தால் நீ எதைச் செய்தாவது பிழைத்துக்கொள், எந்தக் கோர்ட்டில் நிறுத்தினாலும் உன் பக்கத்தில் நான் நிற்பேன். ஆனால் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாயே, வீட்டுக்குள்ள வந்தவனைச் சுட்டா இங்க கேள்வியே கிடையாதுப்பா என்று, அந்த வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை. தூக்கத்துக்கும் எனக்கும் ஏற்கெனவே உள்ள விவகாரம் போதாதென்று இது வேறு.

எதிர்வீட்டு அத்தையை நினைவிருக்கிறதல்லவா, கோர்ட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தாளே, கோர்ட்டு அத்தை என்று கூப்பிடுவாயே, அவளிடம் போய்க் கேட்டேன். முப்பது வருடம் தீர்ப்புகளை டைப் அடித்தவள், வக்கீல்களைவிடத் தெளிவாகச் சொல்வாள். ஊருக்கு ஊர் சட்டம் மாறும்ண்ணே, ஓட வழி இருந்தா ஓடுன்னு சில ஊர்ல சொல்வாங்க, உன் வீடு நீ ஏன் ஓடணும்னு சில ஊர்ல சொல்வாங்க, ஆனா எங்க போனாலும் அடிப்படை ஒண்ணுதான், உசுருக்கு ஆபத்துன்னு நெஜமாவே பயந்திருக்கணும், ஆபத்து நின்ன இடத்துல அடியும் நின்னுடணும் என்றாள். ஒரு வழக்கில் வீட்டுக்காரர் அடித்த முதல் அடிக்குக் குற்றமில்லை என்றும், கீழே விழுந்தவனை அடித்த இரண்டாவது அடிக்கு ஏழு வருடம் என்றும் தீர்ப்பாம். இன்னொருவர் கதையையும் சொன்னாள். அவர் தன் வீட்டில் புகுந்தவனைக் கம்பியால் அடித்தார், ஒரே அடி, அவன் செத்துப்போனான். தற்காப்புதான் என்று விடுதலை ஆனார். தீர்ப்பு நகல் வாங்க வந்தவர் இவள் மேஜை முன்னாலேயே நின்று பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, செத்தவன் என்ன வேலை பாத்தான்னு இதுல எழுதியிருக்காம்மா என்று கேட்டாராம். இல்லைங்க, அது வழக்குக்குத் தேவைப்படல என்று இவள் சொன்னாளாம். அவர் போன பிறகு அன்றைக்கு ஒரு பக்கம்கூட ஒழுங்காக டைப் அடிக்க முடியவில்லை என்றாள். கேள்வியே இல்லாத ஊர் எங்கேயும் இல்லை போலிருக்கிறது அம்மாடி, கோர்ட் கேட்காததை அந்த மனுஷன் தானே கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

இனி சொல்லப் போவதை இருபது வருடமாக உன்னிடம் மறைத்தோம், கோபப்படாமல் படி, சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரி. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது நம் வாசல் கதவில் அம்மா ஒரு மணியைக் கட்டினாளே, எதுக்கும்மா என்று நீ கேட்டதற்குப் பூனை போனா தெரியணும்ல என்றாள். நம் வீட்டில் ஏது பூனை. அந்தப் பூனை நான்தான். பேக்கரியில் எனக்கு எப்போதும் ராத்திரி வேலை, இருபத்தெட்டு வருடம் பகலில்தான் தூங்கினேன். பகல் தூக்கம் ஒரு மாதிரியானது, திரையைத் தாண்டி வெயில் மஞ்சளாகக் கசிந்துகொண்டே இருக்கும், சைக்கிள் மணி, உங்கள் பள்ளிக்கூட மணி, யாரோ வாளி வைக்கிற சத்தம் எல்லாம் கனவுக்குள் புகுந்து வேறு ஏதாவது ஆகிவிடும். அந்தத் தூக்கத்தில் நான் எழுந்து நடப்பேன், எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். அது வரைக்கும் வீட்டுக்குள்ளேயேதான் நடந்திருக்கிறேன். மணி கட்டுவதற்கு முந்தின நாள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு தெருவைக் கடந்து கோர்ட்டு அத்தை வீட்டுக்குள் போய்விட்டேன். வரிசை வீடுகள், எல்லாம் ஒரே அச்சு, அவள் வீட்டு அடுப்படியும் நம் அடுப்படி இருக்கும் இடத்திலேயே இருந்தது. மேடையில் அவள் துவைத்துப் பிழிந்து குவித்து வைத்திருந்த ஈரத்துணியை மாவு என்று நினைத்து நான் பிசைய ஆரம்பித்துவிட்டேன்.

அதற்கு முந்தின வாரம்தான் நம் தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்திருந்தார்கள். அத்தை காய்ச்சலுக்கு லீவு போட்டுவிட்டு, கதவைத் தாழ்போட மறந்து தனியாகப் படுத்திருந்தாள். அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், பனியன் போட்ட ஒரு முதுகு. அவள் இஸ்திரிப் பெட்டியை நீ பார்த்திருக்கிறாய், பழைய கால இரும்பு, இரண்டு கையாலும்தான் தூக்க முடியும். அதை எடுத்துக்கொண்டு வந்து என் பின்மண்டைக்கு நேராக ஓங்கிவிட்டாள். அடித்திருந்தால் ஒரு கோர்ட்டும் அவளை ஒன்றும் சொல்லியிருக்காது, அவள் பயம் நெஜமான பயம். ஆனால் ஓங்கிய கையோடு யாரு என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மறுபடியும் யாரு என்று கத்தினாள். அதற்கும் இல்லை. தூக்கத்தின் அந்தப் பக்கம் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான், வெள்ளையாக முடிவே இல்லாத மாவு, எவ்வளவு பிசைந்தாலும் கைக்கு இதமாக வந்துகொண்டே இருக்கிறது, எங்கோ ரொம்ப தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து போல, யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது தடவை அவள் யாரு என்றபோது நான் திரும்பாமலே, மாவு உப்பிடுச்சா என்று கேட்டேனாம். குரலை வைத்துத்தான் அவளுக்கு ஆளைத் தெரிந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள், பிறகு இன்னும் உப்பலண்ணே, வாங்க போலாம் என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்து நம் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாயங்காலம் எழுந்தால் கையெல்லாம் சோப்பு வாசனை. வெளியே தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கேலி பண்ணுவார்கள் என்று மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம். நேற்றுக் கேட்டேன், அடிக்காம ஏன் நின்னே என்று. தெரியலண்ணே, கேட்டுட்டோமே, பதில் வரட்டுமேன்னு நின்னேன் என்கிறாள்.

வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது, தூக்கத்தில் நடப்பதும் நின்றுபோயிருந்தது. போன மாதம் ஒரு மதியம் அம்மா என்னை மாடிப்படியில் பிடித்திருக்கிறாள். அங்கே வந்தால் உங்கள் ராத்திரி எனக்குப் பகல், உடம்பு குழம்பும், உன் வீட்டில் நான் எந்தக் கதவைத் திறப்பேன், எந்த நேரத்தில் உன் கட்டிலருகே வந்து நிற்பேன் என்று எனக்கே தெரியாது. துப்பாக்கி இருக்குற வீட்டுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள், டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்கிறாள். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், மூன்று வருடம் ஆகிவிட்டது, பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. என் உயிருக்காக மட்டும் இதை எழுதவில்லை வாண்டு. சுட்டது என்னை என்று விளக்கைப் போட்ட பிறகு நீ தெரிந்துகொண்டால், சட்டம் உன்னை விட்டுவிடும், நீ உன்னை விடுவாயா. நாங்கள் அங்கே இருக்கும் வரைக்கும் துப்பாக்கியைப் பூட்டி, குண்டுகளை வேறு இடத்தில் வைத்து, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடு. நாங்கள் திரும்பிய பிறகு உன் இஷ்டம், ஆனால் சத்தம் கேட்டால் உன் அறையை உள்பக்கம் தாழ்போட்டுக்கொள், போலீசுக்குப் போன் பண்ணு, கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே யாரு என்று கேள்.

நீ தீர்க்காயுசாக, பயமில்லாமல் தூங்கி எழுந்து சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். சாவி விஷயமாக உடனே பதில் போடு, அதைப் பார்த்த பிறகுதான் அம்மா பெட்டியை மூடுவாளாம். பழைய பூனை மணியையும் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள், எங்கள் அறைக் கதவில் ஒரு ஆணி அடித்து வை. மணிச் சத்தத்தில் முழித்துக்கொண்டால் அவசரப்படாதே கண்ணு, ஒரு தடவை கேட்டுப் பதில் வரவில்லை என்றால் இன்னொரு தடவை கேள், அதற்கும் வராவிட்டால் மறுபடியும் கேள், நான் மெதுவாகத்தான் வந்து சேருவேன்.

இப்படிக்கு,
மூன்றாவது தடவை பதில் சொல்லும்
உன் அப்பா