சூப்பர்வைசர் காலில் மஞ்சள் நூல்

மார்ச் 9, ஞாயிறு
புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ராமதாஸ் அண்ணன் நான்கு கம்பத்துக் கோழிக் குஞ்சுகள், அதாவது நாட்டுக்கோழிக் குஞ்சுகள், கொண்டுவந்து கொடுத்தார். விபத்தில் உடைந்த கால் சேர்ந்துவிட்டால் முனீஸ்வரனுக்கு ஒரு சேவல் தருவதாக என் வீட்டுக்காரர் குணாளன் வேண்டிக்கொண்டிருக்கிறார். கடையில் வாங்கியது கூடாதாம், கையால் தீனி போட்டு வளர்த்ததாக இருக்க வேண்டுமாம். நானோ ஷிப்டுக்குப் போகிறவள். கட்டுப்போட்ட காலோடு வீட்டில் இருப்பவர் அவர்தான். யார் வளர்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 30
அதற்குள் தங்களுக்குள் வரிசை பிடித்துவிட்டன. நெஞ்சோடு நெஞ்சு முட்டுகின்றன. ஒன்று தலையைத் தாழ்த்தினால் சண்டை முடிந்தது. கறுப்பு முதலில் தின்னும், பிறகு மற்ற இரண்டு, கடைசியில் குட்டை. குட்டைக்கு முதுகில் இறகே சரியாக வரவில்லை, வாலும் இல்லை. கறுப்புக்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எங்கள் லைனைப் பார்ப்பவளுக்கும் இதே நடைதான்.

ஏப்ரல் 6
“இந்தத் திமிர பாத்தியா பிரமிளா? இதுதான்லா சேவல்” என்றார் குணாளன். சூப்பர்வைசர் காலில் மஞ்சள் நூல் கட்டி நேர்ந்துவிட்டாயிற்று.

ஏப்ரல் 13
குட்டையின் முதுகில் ரத்தம். சிவப்பைக் கண்டதும் எல்லாம் அதே இடத்தில் கொத்துகின்றன. மஞ்சள் தடவி, தனியாக ஒரு பெட்டியில் போட்டுச் சமையலறையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24
புண் ஆறிவிட்டதே என்று குட்டையைக் கூண்டில் விட்டேன். மூன்றும் சேர்ந்து பாய்ந்தன. கண் தப்பியதே பெரிது. “ஏன் இப்படி? நாலும் ஒண்ணாத்தானே வந்துச்சுங்க? அதுக்குள்ள மறந்துபோச்சா?” என்று வாய்விட்டே கேட்டேன்.

பக்கத்து வீட்டு சலேஹா அக்கா வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “கடைசியா இருந்தாலும் அதுக்குன்னு ஒரு எடம் இருந்துச்சு. நீ தனியா தூக்கிட்டுப் போயி அதையும் எடுத்துட்ட.”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. காப்பாற்றுகிறேன் என்று நான்தான் அதை வேற்றாளாக்கிவிட்டேன்.

ஏப்ரல் 27
கூண்டின் நடுவே கம்பி வலை. ஒருபுறம் குட்டை, மறுபுறம் மூன்றும். பார்த்துப் பழகலாம், கொத்த முடியாது. குணாளன் காலை நீட்டி உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டே வலையைக் கட்டி முடித்தார்.

மே 11
வலையை எடுத்தோம். தீனித் தட்டு இரண்டாக வைத்தோம். சூப்பர்வைசரால் இரண்டுக்கும் காவல் நிற்க முடியாதல்லவா? ஒரே ஒரு கொத்து விழுந்தது. குட்டை தலையைத் தாழ்த்தியது. அவ்வளவுதான். கடைசி இடம் திரும்பக் கிடைத்துவிட்டது. அதற்கே எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஜூன் 8
குட்டைக்குச் செம்பு நிறத்தில் இறகு வந்துவிட்டது. சூப்பர்வைசரை ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. அதுவும் விரட்டுவதில்லை.

ஜூலை 6
காலையில் கூண்டுப் பக்கம் தொண்டை கட்டினாற்போல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் குட்டை. கழுத்தை நீட்டி இன்னொரு தரம் கூவினான்.

சேவல் குஞ்சுக்குச் சில சமயம் இறகு தாமதமாகத்தான் வருமாம். சலேஹா அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்கள் நூல் கட்டியது பெட்டைக்கு. மற்ற இரண்டும் பெட்டைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே சேவல் அவன்.

ஜூலை 18
ஆடி முதல் வெள்ளி. குணாளனுக்குக் கட்டுப் பிரித்துக் காலும் சேர்ந்துவிட்டது, மூன்றாம் வெள்ளியன்று வேண்டுதலை நிறைவேற்ற வேண்டும். அறுத்துச் சமைத்துப் படைப்பதுதான் இவர் குடும்ப வழக்கம்.

“வேற சேவல் வாங்கிக்கலாங்க.”

“வாங்குனது கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“அப்ப உசுரோட விடுங்க.”

அவர் போய் சூப்பர்வைசரைப் பிடித்தார். நூலை அவிழ்த்துக் குட்டையின் காலில் கட்டினார். அவனும் பேசாமல் காலைக் கொடுத்துக்கொண்டு நின்றான். இரவு நான் சாப்பிடவில்லை. அவர் தட்டிலும் சோறு அப்படியே இருந்தது.

ஜூலை 25
இந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி
கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கூண்டில் இரண்டுதான் இருந்தன. சூப்பர்வைசரையும் காணோம்.

“ரெண்டையுமா?” என்று கேட்டேன்.

“அறுக்கல. அங்க போனதும் மனசு வரல. சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு, பண்டாரத்துகிட்ட சொல்லிக் கோயில்லயே விட்டுட்டேன்.” குனிந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டார். “அங்க ஏற்கனவே கோழிங்க நெறைய நிக்குது. இவன் புதுசு. எல்லாம் சேந்து கொத்த ஆரம்பிச்சிருச்சு. அதான் வீட்டுக்கு வந்து, தொணைக்கு அவளையும் கொண்டுபோய் விட்டேன்.”

அந்தக் காலோடு இரண்டு தடவை நடந்திருக்கிறார். கணுக்கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
இருவருமாகக் கோயிலுக்குப் போனோம். குட்டைக்கு அங்கேயும் கடைசி இடம்தான். ஒரு கிழட்டுச் சேவல் அவனை முறைத்தது, சூப்பர்வைசர் அதைத் திருப்பி முறைத்தாள். குட்டை அவள் பின்னால் நின்று நிதானமாகத் தின்றுகொண்டிருந்தான். எங்களைத் தெரிந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. இவரும் நானும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முனீஸ்வரனைக் கும்பிடாமலே வந்துவிட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.