ரெஜின்னு கூப்பிட்டா

மும்பை
பிப்ரவரி 6, 2022

அடி ரெஜி,

நல்லா இருக்கியா? வாட்ஸாப்புல பிளாக் பண்ணிட்டே, போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கறே. தபாலை நீ இன்னா பண்ணுவேன்னு பார்க்கறேன்.

ஜெபா நல்லா இருக்கான். உன் தம்பியாச்சேன்னு நாஸ்தாவுக்கு முட்டை சேர்த்து வாங்கித் தரேன். பயிற்சியாளருக்கு அவன்மேல ரொம்பத் திருப்தி. உயரமும் எடையும் இருக்கறதால அவன் பாய்மரத்துக் கம்பியில படகுக்கு வெளிய சாஞ்சு தொங்கினா எவ்ளோ காத்துலயும் படகு நிமிர்ந்து ஓடுது. எனக்குத்தான் பத்தலை. சின்ன வயசுலேர்ந்து உன் தோளைப் பார்த்துக்கிட்டே சுக்கான் பிடிச்சவ நான். இப்ப அந்த இடத்துல வேற தோள்.

நான் இன்னாடி பண்ணட்டும்? ரெண்டு பெண்கள் ஓட்டற நம்ம பந்தயத்தை டோக்கியோவோட ஒலிம்பிக்லேர்ந்து தூக்கிட்டாங்க. இனிமே நம்ம படகுல ஒரு ஆண், ஒரு பெண். விதி போட்டது நானா? ஜெபாவைக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டப்போ நீயும்தான் தலையை ஆட்டினே. ஆட்டிட்டு அன்னிக்கே பிளாக் பண்ணிட்டே.

திட்டியாவது ரெண்டு வரி எழுது.

உன்,
ஷஃபானா


நெம்மேலி
பிப்ரவரி 21, 2022

ஏ ஷஃபி,

லெட்டர் வந்துச்சு. அம்மா வாங்கி ஃபிரிஜ் மேல வெச்சாங்க. பிரிக்கவே கூடாதுன்னு இருந்தேன். எங்க முடிஞ்சுது.

கேட்ட மாதிரியே திட்டறேன். அவனுக்கு முட்டை வாங்கித் தராதே, ஏற்கெனவே மாடு மாதிரி கீறான். போனவ போனவளாவே இருக்காம, தோளு கீளுன்னு எழுதி என்னை வேலை நேரத்துல அழ வெக்காதே.

வேலைக்குச் சேர்ந்துட்டேன், தெரியுமா? இங்கயே, கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கற பிளாண்ட்ல, லேப்ல. தண்ணியில உப்பு எவ்ளோ கீதுன்னு பார்க்கறதுதான் வேலை. ஜன்னல் பக்கம் போனா, தூரத்துல தண்ணி கறுத்து காத்து வர்றது தெரியும். படகுல உனக்குச் சொல்ற மாதிரியே 'வருது'ன்னு என்னை அறியாம சொல்லிடறேன். பக்கத்து சீட்டு பிரபா இன்னா வருதுன்னு எட்டிப் பார்க்கறா.

எங்க லேப் கேசவன் சார் ஒரு நாள் கேட்டார். பாய்மரப் படகெல்லாம் ஒலிம்பிக்ல எதுக்கும்மா, டிவியில பார்த்தா யார் முன்னால போறாங்கன்னே புரியலை, பணக்காரங்க விளையாட்டு, எடுத்துடலாமேன்னார். எனக்கு வந்துச்சே கோவம். நெம்மேலியில மீன் பிடிக்கற சின்னையன் பொண்ணு நான், பணக்காரியா சார்னு கேட்டுட்டேன். மனுஷன் டீ குடிக்கப் போயிட்டார்.

ஆனா வூட்டுக்கு வந்து யோசிச்சேன். மொத்தமா எடுத்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும். யாருக்கும் இல்லைன்னா உனக்கும் இல்லை. நீ இங்கயே இருந்திருப்பே. பாவி மனசு அப்படித்தான் போவுது, இன்னா பண்றது.

ரெஜினா


மும்பை
மார்ச் 28, 2022

ரெஜி,

ஜெபா சொல்லியிருப்பான். இல்ல, என்னைக் காப்பாத்தறேன்னு சொல்லாம விட்டிருப்பான். அதனால நானே சொல்றேன்.

முதல் தேர்வுப் போட்டியில நாங்க முன்னாலதான் இருந்தோம். கடைசி மிதவைகிட்ட படகைத் திருப்பணும். திருப்பும்போது அவன் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாறணும். நான் கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? 'ரெஜி!'

பாவம், அவனுக்குப் புரியலை. என்னைத் திரும்பிப் பார்த்தான். அதுக்குள்ள படகு கவிழ்ந்துடுச்சு. நிமிர்த்தி ஏறறதுக்குள்ள எல்லாரும் தாண்டிப் போயிட்டாங்க. தண்ணியில கிடந்துக்கிட்டு அவன் கேக்கறான், 'அக்கா எங்க இருக்கா?'ன்னு.

மே மாசம் இன்னொரு தேர்வு இருக்கு. அதுக்கு நான் போகப் போறதில்லை. வூட்டுல எங்க அத்தாகிட்டயும் சொல்லிட்டேன். கோவளம் கிளப் ஷெட்டுல நம்ம பழைய படகு இருக்கு இல்ல? நாம ரெண்டு பேரும் அதை எடுத்துடலாம். ஒலிம்பிக் இல்லாட்டி போகுது. நாட்டுக்குள்ள எத்தனையோ பந்தயம் இருக்கு, பந்தயமே இல்லாட்டியும் கடல் இருக்கு. நீ இல்லாத படகு எனக்கு வேணாம்டி.

சரின்னு ஒரு வார்த்தை எழுது. அடுத்த ரயில்ல வந்துடறேன்.

ஷஃபானா


நெம்மேலி
ஏப்ரல் 19, 2022

என் ஷஃபி,

சரின்னு எழுதிட்டேன். எழுதிக் கிழிச்சும் போட்டுட்டேன். கிழிச்சது நல்லதுக்குத்தான்னு இப்போ தோணுது.

நீ வந்தா எனக்கு சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாரிஸ் ஒலிம்பிக் டிவியில ஓடும்போது நீ என் பக்கத்துல உக்காந்து பார்ப்பே. அப்போ உன் மூஞ்சியை நான் பார்க்கணுமே. அது என்னால முடியாது. தேர்வுக்குப் போ.

ஈஸ்டருக்கு ஜெபா வந்தான் இல்ல, அவனைச் சும்மா விடலை. ஆராதனை முடிஞ்சு பிரியாணி சாப்பிட்ட கையோட கோவளத்துக்கு இழுத்துட்டுப் போனேன். நம்ம பழைய படகைத்தான் எடுத்தோம். நான் உன் இடத்துல உக்காந்தேன், அவன் என் இடத்துல தொங்கினான். திருப்பும்போதெல்லாம் 'ரெஜி'ன்னு கத்தினேன். முதல்ல சிரிச்சான். அப்புறம் முழிச்சான். ரெண்டு தடவை கவிழ்ந்தோம். வெயில் தாழறதுக்குள்ள, கத்தின உடனே யோசிக்காம மாற ஆரம்பிச்சுட்டான். என் பேரை நானே கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. கரையில இருந்தவங்க எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னே நெனச்சிருப்பாங்க.

அதனால நீ பயந்து பயந்து நாக்கைக் கடிச்சுக்காதே. ஜெபான்னு கூப்பிட்டாலும் மாறுவான், ரெஜின்னு கூப்பிட்டாலும் மாறுவான். வாய்க்கு எது வருதோ அதையே கூப்பிடு.

வாட்ஸாப் பிளாக்கை மட்டும் எடுக்க மாட்டேன். எடுத்தா, வந்துடுடின்னு சொல்லிடுவேன்.

உன்,
ரெஜி