இன்ஷியல் இல்லாத முப்பத்தொரு பேர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஏ.சி. ரிப்பேர். இந்த இரும்பு ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஓர் அறை, நான், பாலாஜி. கேட்டில் கார்டைக் காட்டினால் வருகை பதிவாகிப் பெயர் போட்ட கேன்டீன் சீட்டு வரும்; அதைக் கொடுத்தால் மதியச் சாப்பாடு இலவசம். அந்தச் செயலி ஐந்து வருஷமாக என் ஜாவாவில் சமர்த்தாக ஓடுகிறது. இப்போது பா. (முழுப்பேர் எழுதச் சோம்பல்) சீட்டு அடிக்கும் பகுதியை மட்டும் கோட்லின் என்ற புதுக் கணினி மொழியில் மாற்றி எழுதியிருக்கிறான். பாதி என் மொழி, பாதி அவன் மொழி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

"ரெண்டும் ஒண்ணா ஓடும்க்கா, சத்தியமா."

மேனேஜர் காதில் விழுந்துவிட்டது. "திங்கக்கெழம காலை ஷிஃப்ட்ல ஓட்டிக் காட்டுங்க. நின்னுச்சுன்னா பழையபடி ரெஜிஸ்டர்தான். ரெண்டு பேரும் ஸ்டோர்ஸ்ல போய் போல்ட்டு எண்ணுங்க."

நாற்பத்து மூன்று வயதில் போல்ட்டு எண்ணவா?

வாங்க: பால், மகள் ஜெனிக்குக் கிராஃப் நோட்டு, கொசுவத்தி.

ஜூலை 9, புதன்

சோதனை ஓட்டம். முதல் பத்துப் பேர் அமோகம். பதினோராவது ஆள் கார்டைக் காட்டியதும் செயலி படுத்துவிட்டது. மறுபடி திறந்தால் ஓடும். கொஞ்ச நேரம். மறுபடி படுக்கும். பேஜார்.

பா.விடம் கத்தினேன். "என் ஜாவா அஞ்சு வருஷத்துல ஒரு தபா உயுந்துச்சா? உன்னுது இன்னா, தொட்டாச்சிணுங்கியா?" கொஞ்சம் அதிகம்தான்.

மதியம் அவன் புளியோதரை டப்பாவை என் பக்கம் தள்ளினான். அவன் அப்பாவுக்குத் திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளியில் வேலை. அந்தப் புளியோதரையைக் கோபத்தோடு சாப்பிட முடியாது. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை. கண்டுபிடித்துவிட்டோம்!

செயலி படுத்தது எல்லாம் வடக்கிலிருந்து வந்தவர்கள் கார்டைக் காட்டும்போது. மொத்தம் முப்பத்தொரு பேர். அவர்களுக்கு இன்ஷியல் கட்டம் காலி. மனிதனாகப் பிறந்தால் இன்ஷியல் இருக்கும் என்று நானும் நினைத்தேன், பா.வும் நினைத்தான். என் ஜாவா காலிக் கட்டத்தை அப்படியே எடுத்து நீட்டுகிறது. அவன் கோட்லின், இல்லாததை எப்படி அடிப்பது என்று நின்றுவிடுகிறது.

அப்படியானால் ஐந்து வருஷமாக என்னுடையது எதை அடித்தது? குடை இல்லாமல் கேட்டுக்கு ஓடினேன். குப்பைக் கூடையில் ஒரு பழைய சீட்டு: 'null. Manoj'. காலி என்பதற்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெயரையே இன்ஷியலாக அடித்திருக்கிறது.

செக்யூரிட்டி தனபால் அண்ணன்: "அது அவுங்க ஊரு இன்ஷியல்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா. அல்லாருக்கும் ஒரே மாரி கீதே, நீங்கள்லாம் ஒரே குடும்பமான்னு கூட ஒரு தபா கேட்டேன்."

சிரித்துச் சிரித்து வயிற்று வலி. அப்புறம் வெட்கம். விழுந்தது நேர்மையாக விழுந்தது. விழாதது பொய் அடித்துக்கொண்டிருந்தது. பா.விடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்கக்கா," என்றான். காது வரை சிரிப்பு.

திருத்தம்: இன்ஷியல் இல்லையென்றால் பெயர் மட்டும். என் பக்கம் ஒரு வரி, அவன் பக்கம் ஒரு வரி.

ஜூலை 14, திங்கள்

காலை ஷிஃப்ட். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டிலேயே நின்றார். நானூறு பேர். ஒரு தடவை கூட நிற்கவில்லை! கடைசி ஆள் உள்ளே போனதும் "ம்" என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு விழா. ஸ்டோர்ஸ் கிடையாது. பா.வும் நானும் டீயோடு இரண்டு இரண்டு பஜ்ஜி.

பதினொரு மணிக்குக் கிரேன் ஓட்டும் மனோஜ் சீட்டோடு வந்தார். ஊர் பீகார், பேச்சு எங்கள் தெருப் பேச்சு. "இன்னா மேடம், என் இன்ஷியல தூக்கிட்டீங்க?"

"அது இன்ஷியலே இல்லப்பா. எங்க தப்பு."

முகம் வாடிவிட்டது. "இங்க அல்லாருக்கும் கீதே மேடம். எனக்கு மட்டும் வாணாமா?"

பா.தான் கேட்டான். "அப்பா பேரு இன்னாண்ணா?"

"ராம்ஸ்வரூப். போயி மூணு வருஷம் ஆச்சு."

பா. பழைய சீட்டை வாங்கிக்கொண்டு தட்டினான். 'R. Manoj'. மனோஜ் புதுச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் கேன்டீனில் பார்த்தேன். சீட்டைக் கொடுக்காமல், காசு கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.