எல்லாருக்குமான பதிப்பு வந்துவிட்டது, மாப்ளே

மாப்ளே,

இன்று காலை கடையைத் திறந்ததும் முன்மேசைக் கணினியில், இணையம் பார்க்கும் உலாவியின் மூலையில் ‘புதிய பதிப்பு தயார்’ என்று வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ காத்திருந்த பதிப்பு இது. நீதான் இல்லை, பாவிப்பயலே.

சூரியநெல்லியில் நாம் இருவரும் சேர்ந்து இந்த இணையச் சேவைக் கடையைப் போட்ட நாளிலிருந்து இதற்குத்தான் சண்டை. முன்மேசையில் எல்லாருக்கும் வருகிற உலாவி. உன் மேசையிலோ அதே உலாவி நான்கு பதிப்பாக, நான்கு நிறப் படத்தோடு இருக்கும். தினமும் வரும் அரைவேக்காட்டுப் பதிப்பு, அடுத்து நிரல் எழுதுவோருக்கானது, பிறகு வெள்ளோட்டம் பார்க்கிற பீட்டா, கடைசியில் எல்லாருக்குமானது. புதிதாகச் செய்த எதுவும் ஒன்றில் தேறினால்தான் அடுத்ததற்குப் போகும்.

“வரிசையில ஆளு நிக்குது, உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேல?” என்று கத்துவேன்.

“கொழம்ப உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுத்தானடா மாப்ள எல்லாருக்கும் ஊத்துறோம்?” என்று சிரிப்பாய்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற அக்காமார் விண்ணப்பம் போட வந்தால், எழுத்தைப் பெரிதாக்கி, திரையை அவர்கள் பக்கம் திருப்பி, “நீங்களே பாத்து அமுக்குங்கக்கா” என்பாய். நாம் அமுக்கினால் சட்டென்று முடியும். நீ எங்கே கேட்டாய்! அப்படிப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு காலையில்தான், அரைவேக்காட்டுப் பதிப்பில் ‘சப்மிட்’ பட்டனைக் காணோம். எழுத்து சிறிதாக இருந்தால் தெரிகிறது, பெரிதாக்கினால் மறைகிறது.

“இது இப்படியே எல்லாருக்கும் வந்துச்சுன்னா, நம்ம அக்காமாரு மறுபடியும் அடுத்தவன் விரலத்தான் நம்பணும்” என்றாய். சோறு இறங்கவில்லை உனக்கு. திரையைப் படமெடுத்து உலாவி செய்கிறவர்களுக்கு எழுதினாய். சரிசெய்கிறோம் என்று பதில் வந்த அன்று, கடையில் நின்றவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய்.

பிறகு நெஞ்சுவலி வந்து உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்க நீ கேட்டது இதைத்தான்.

“பீட்டாவுல பட்டன் தெரியுதாடா?”

“தெரியுதுடா. நீ மொதல்ல கஞ்சியக் குடி.”

“எல்லாருக்கும் வர்றப்ப ஒரு தடவ பெருசாக்கிப் பாத்துரு மாப்ள.”

நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

இன்று பார்த்துவிட்டேன். செல்வி அக்கா ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வந்திருந்தார். எழுத்தைப் பெரிதாக்கித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். பட்டன் இருந்தது, மாப்ளே. அக்கா கண்ணைச் சுருக்கிப் படித்துப் பார்த்துவிட்டு, தன் விரலாலேயே அமுக்கினார்.

“என்ன தம்பி, கண்ணு கலங்குது? தப்பா அமுக்கிட்டேனா?”

“இல்லக்கா. சரியாத்தான் இருக்கு.”

வேறு என்ன சொல்ல? வராமலே போன கோளாறைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? உன்னால்தான் அது வரவில்லை என்பது இங்கே ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

அக்கா போனபின் உன் மேசையில் உட்கார்ந்து, இன்றைய அரைவேக்காட்டுப் பதிப்பைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ போனதிலிருந்து தினமும் இதைச் செய்கிறேன். வேண்டாத வேலை என்று கத்தத்தான் கடையில் ஆளில்லை.